ரோகிணி நட்சத்திரத்து ஆ போ

பென்கூலன் ரயில் நிலையம் தரைக்கு 43 மீட்டர் கீழே இருக்கிறது. 2017-இல் திறந்தபோது சிங்கப்பூரிலேயே ஆழமான நிலையம் இதுதான் என்றார்கள். மின்படியில் கால் வைத்தால் இறங்கிக்கொண்டே இருக்கலாம். அண்மையில் அப்படி இறங்கும்போது, எனக்கு இரண்டு படி கீழே நின்ற சீனப் பெண்மணியின் துணிப்பையிலிருந்து ஒரு வாசனை ஏறி வந்தது. ஊதுவத்திப் புகை குடித்த துணி. அதற்குள் எங்கோ ஈர இலையில் பொதிந்த மல்லிகை. தனித்தனியே இரண்டும் இந்த ஊரில் எங்கும் கிடைக்கும். தேக்காவில் மல்லிகை, எந்தச் சீனக் கோயிலிலும் ஊதுவத்தி. இரண்டும் ஒரே பையில் இருந்தால் அந்த அம்மா வாட்டர்லூ ஸ்திரீட்டிலிருந்து வருகிறார் என்று அர்த்தம். முதலில் குவான் இம் கோயில், அப்புறம் பக்கத்து வாசலில் கிருஷ்ணன் கோயில், அப்புறம் வீடு. கையைப் பிடித்து "சாமி கும்பிட்டாச்சா?" என்று கேட்கலாம் போல இருந்தது. கேட்கவில்லை. இப்போதெல்லாம் ரயிலில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

அந்தத் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில்தான் நான் வளர்ந்தேன். கீழ்க்கடையில் சீனர் ஒருவர் சாமி சாமான் விற்றார்: கட்டுக் கட்டாக ஊதுவத்தி, சிவப்பு மெழுகுவர்த்தி, இறந்தவர்களுக்கு எரிக்கிற தங்கக் காகிதம். அவர் எல்லாருக்கும் தவுக்கே, முதலாளி. அவர் மனைவி எங்களுக்கு ஆ போ, அதாவது பாட்டி. அவர் பெயர் என்ன என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்கும் எங்கள் அப்பாயியின் பெயர் தெரியாது. 'நேநே புங்கா', பூக்காரப் பாட்டி, அவ்வளவுதான். அப்பாயி மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கிருஷ்ணன் கோயில் மதிலோரம் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு பூக் கட்டினார். ஊரிலிருந்து மல்லிகை வராத நாளில் கேமரன் மலைச் செவ்வந்தியும் அரளியும் வைத்து ஒப்பேற்றுவார்.

பிராஸ் பாசா ரோட்டு முனையிலிருந்து நடந்தால் முதலில் வருவது யூதர்களின் மகேன் அபோத் ஜெபாலயம். 1878-இல் கட்டியது, தென்கிழக்காசியாவில் இன்றும் நிற்கிற யூத ஜெபாலயங்களில் மூத்தது. மிடல் ரோட்டைத் தாண்டினால், 1870-இல் ஹனுமான் பீம் சிங் என்பவர் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கிய வழிபாடு வளர்ந்து கிருஷ்ணன் கோயிலாக நிற்கும். நான் சிறுமியாக இருந்த காலத்தில் அதை நிர்வகித்தவர் ஜூக்னி அம்மாள் என்ற பெண்மணி. நாலு எட்டு வைத்தால் 1884-இல் எழுந்த குவான் இம் தோங் ஹூட் சோ கோயில். குவீன் ஸ்திரீட்டுக்குள் திரும்பினால் சீனக் கத்தோலிக்கர்களுக்காக 1870-இல் கட்டிய பேதுரு பவுல் தேவாலயம். இந்தப் பக்கம் பென்கூலன் பள்ளிவாசல். அங்கே தமிழில் பயான் நடக்கும். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை. சற்றுத் தள்ளி ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில். அது 1888-இல் வரும்வரை தமிழ்க் கத்தோலிக்கர்களும் சீனர்களோடு சேர்ந்து பேதுரு பவுல் கோயிலில்தான் பூசை கண்டார்களாம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் கால் ஊன்றிய இடத்திலேயே சாமியையும் ஊன்றிவிட்டார்கள். நல்லிணக்கத்துக்காக யாரும் இடம் பார்த்துக் கட்டவில்லை.

இத்தனையும் அருகருகே இருந்ததில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம், கடிகாரம் வாங்கும் செலவு மிச்சம். அப்பா துறைமுகத்தில் கிராணி. அதிகாலை வேலைக்குப் போகும் நாட்களில் பென்கூலன் பள்ளிவாசல் மோதினார் சொல்லும் பாங்குதான் அவரை எழுப்பும். அவர் குளித்துவிட்டு வரும்போது கிருஷ்ணன் கோயிலில் மணி அடிக்கும். அதற்கு அம்மா காப்பி கலக்குவார். உச்சிவேளையில் தேவாலய மணி கேட்டால் எங்களுக்குச் சோறு. சாயங்காலம் கீழே தவுக்கே தன் கடைவாசலில் மூன்று ஊதுவத்தி ஏற்றி வானத்தைப் பார்த்துக் கும்பிடும் நேரம், நான் பாடப் புத்தகத்தை எடுத்தாக வேண்டும்.

எழுபதுகளின் நடுவில், ஊர் அடுக்குமாடிகளாக நெருங்கத் தொடங்கியபோது, பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளை உள்பக்கம் திருப்பிவைக்கும் ஏற்பாடு வந்தது. பாங்கு வானொலியில் ஒலிபரப்பாகும் என்றார்கள். சீனக் கோயில் கூத்து மேடைகளுக்கும் இரைச்சல் கட்டுப்பாடு வந்தது. அப்பா இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போய், மூன்றாம் நாள் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி வந்தார். வாங்கிய கையோடு பள்ளிவாசலுக்குப் போய் மோதினாரிடம், "என்னங்க, உங்களாலே எனக்குப் பதினைஞ்சு வெள்ளி செலவு" என்று குறைபட்டுக்கொண்டாராம். அந்தக் கடையநல்லூர்க்காரர் விடவில்லை. "இத்தனை வருஷம் சும்மா எழுப்பி விட்டேனே, அதுக்கு நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். இதை அப்பா சாகிறவரை சொல்லிச் சிரித்தார்.

அம்மாவும் ஆ போவும் பேசிக்கொண்ட மொழி பசார் மலாய். இருவருக்கும் தாய்மொழி இல்லை. இருவருமே தப்பாகத்தான் பேசினார்கள். "சுடா மாக்கான்?" என்று கேட்டால் சாப்பிட்டாச்சா என்று மட்டுமில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மாமியார் கோபம் தணிந்ததா என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். எவ்வளவு நெருக்கமானாலும் சாப்பாட்டில் ஒரு கோடு இருந்தது. கீழ்வீட்டு அடுப்பில் பன்றி வேகும் என்பதால் அப்பாயி அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆ போவுக்கு இது தெரியும். அதனால் சீனப் புத்தாண்டுக்கு மாடிக்கு வருவது ஆரஞ்சுப் பழமும் சிவப்பு உறையில் அங்பாவும் மட்டுமே. தீபாவளிக்கு எங்கள் முறுக்கு இறங்கிப் போகும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வரும். அப்பாயி மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். நானும் அண்ணனும் அப்பாவும் குசினியில் நின்றபடியே தூக்குச் சட்டியைக் காலி செய்துவிடுவோம். அப்பாயியை இன்று யாராவது எடைபோட்டால் பழமைவாதி என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஆ போவின் மருமகளுக்குப் பிரசவ வலி கண்ட ராத்திரி, பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு விடியும்வரை அந்த வீட்டு வாசல் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். உள்ளே போகவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, எழுந்தும் வரவில்லை.

அந்தப் பிரசவத்துக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றத்தான் ஆ போ முதன்முதலாகக் கிருஷ்ணன் கோயிலுக்குள் வந்தார். அதுவரை வாசலோடு சரி. குவான் இம் கோயிலில் கும்பிட்ட கையோடு, மிச்சமிருக்கும் ஊதுவத்தியுடன் கிருஷ்ணனுக்கும் வெளியிலிருந்தே மூன்று முறை கையை ஆட்டிவிட்டுப் போவார். அன்று அம்மாதான் தேங்காய் பழத் தட்டை வாங்கிக் கையில் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

குருக்கள் வழக்கம்போல, "யார் பேருக்கு?" என்றார்.

அம்மா மலாயில் கேட்டுச் சொன்னார். குழந்தை பெயரும் ஆ போவின் பெயரும் அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. இங்கே எழுதப் போவதில்லை.

"நட்சத்திரம்?"

அம்மா திணறினார். நட்சத்திரத்தை மலாயில் எப்படி விளக்குவது? பிறந்த நேரத்துக்கு ஒரு அடையாளம் இருக்குமே, அது என்ன என்று எப்படியோ கேட்டார். ஆ போவின் முகம் தெளிந்தது. "ஹரிமாவ்!" என்றார் உரக்க. புலி. புலி வருடத்தில் பிறந்தவர்.

குருக்கள் அர்ச்சனைத் தட்டைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றார். அவர் படித்த எந்தச் சாஸ்திரத்திலும் புலி நட்சத்திரம் இருந்திருக்காது. பிறகு, "ரோகிணின்னு வச்சுக்குவோம்மா. கிருஷ்ணன் நட்சத்திரம். அவன் கோச்சுக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா, "இனிமே யார் கேட்டாலும் ரோகிணின்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தார். ஆ போ வீடு திரும்பும்வரை "லோகினி, லோகினி" என்று உருப்போட்டுக்கொண்டே வந்தார்.

சீனர்கள் ஏன் கிருஷ்ணனைக் கும்பிடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சமய ஒப்பீட்டு அறிஞர்கள் பெரிய விளக்கம் வைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை காரணம் சின்னது: வழியில் இருக்கிறது. தெருவுக்கு வந்து ஒரு சாமியை விசாரித்துவிட்டு அடுத்த சாமியைப் பார்க்காமல் போவது மரியாதையில்லை. கோயிலாரும் அதைப் புரிந்துகொண்டு ஊதுவத்தி நட வாசலில் ஒரு தூபச் சட்டி வைத்தார்கள். 'இது ஆகமத்தில் இல்லையே' என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். சட்டி நிரம்புவதைப் பார்த்து அடங்கிப்போனார்கள்.

அப்பாவுக்கு இன்னொரு காரணம் உண்டு. குவான் இம் கோயிலில் குவான் இம் அம்மனுக்கு ஒரு பக்கம் ஹுவா துவோ என்ற பழங்காலச் சீன வைத்தியர், மறுபக்கம் போதிதர்மர். அவர் தென்னிந்தியாவிலிருந்து சீனம் போனவர் என்பது சீனர்களுக்கும் தெரிந்த கதை. நம்மவர்கள் காஞ்சிபுரம் என்று ஊரையே சொல்லிவிடுவார்கள். "உள்ளே நம்மூர்க்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். போய்ப் பாக்காட்டி என்ன நெனப்பாரு?" என்பார் அப்பா. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் காயம்பட்டவர்களும் வீடிழந்தவர்களும் ஒதுங்கிய இடம் அந்தக் கோயில். அந்த நாட்களைப் பார்த்த பழைய ஆட்கள், இந்தியரோ மலாய்க்காரரோ, அதன் முன்னால் போகும்போது நடையை ஒரு கணம் தளர்த்துவார்கள்.

அண்ணன் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம் அம்மா குவான் இம் கோயிலில் குறி கேட்டார். மூங்கில் குவளைக்குள் எண் போட்ட குச்சிகள் நிறைந்திருக்கும். மண்டியிட்டுக் குலுக்கினால் ஒன்று மட்டும் எட்டிப் பார்த்து விழும். அந்த எண்ணுக்குரிய சீட்டை வாங்கிப் படிக்க வேண்டும். அம்மாவுக்கு வந்த சீட்டு நல்ல சீட்டில்லை என்று ஆ போவின் முகமே சொல்லிவிட்டது. அம்மா தளரவில்லை. சீட்டை மடித்துக் கிருஷ்ணன் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைத்தார். மறுநாள் லூர்து மாதாவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி. பள்ளிவாசல் உண்டியலில் ஒரு வெள்ளி. "நாலு எடத்துலயும் சொல்லி வச்சிருக்கேன். ஒருத்தர் காதுலயாவது விழாமலா போகும்?" அண்ணன் தேறினான். யாருக்கு நன்றி சொல்வது என்பதில்தான் சிக்கல். நாலு பேருக்கும் செய்ததில் அந்த மாதம் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை.

அண்ணனுக்கு அந்தத் தெருவில் ஒரு சனிக்கிழமை உத்தியோகமும் இருந்தது. ஜெபாலயத்துக்கு அருகே பழைய வீடொன்றின் மாடியில் வயதான யூதப் பெண்மணி தனியாக இருந்தார். பாக்தாதிலிருந்து வந்த குடும்பம். அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் நிறைய. 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் அவர்களில் ஒருவர். போருக்குப் பிறகு ஒவ்வொருவராக இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று கிளம்பிவிட்டார்கள். ஓய்வுநாளில் அவர்கள் விளக்கு போடக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது. அடுத்தவரைப் போடச் சொல்லவும் கூடாது. ஆகவே அந்தப் பாட்டி மாடிப்படியில் நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வது போல, "வீட்டுக்குள் எவ்வளவு இருட்டு!" என்பார். அண்ணன் போய் விளக்கைப் போட்டுவிட்டு வருவான். அன்று காசைத் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் இருபது காசும் ஏலக்காய் மணக்கும் ஒரு துண்டுக் கேக்கும் கிடைக்கும். அண்ணனுக்கு அந்த மதத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: சனிக்கிழமை வேலை, ஞாயிற்றுக்கிழமை சம்பளம்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் எல்லாம் தேன் போல இருந்ததாக எண்ணிவிடுவீர்கள். 1964 ஜூலை 21. நான் அப்போது தொடக்கநிலை ஒன்று. நபிகள் பிறந்தநாள் ஊர்வலம் கேலாங் பக்கம் போகையில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் மூண்டது. அந்தக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயம்பட்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு இன்னும் 13 பேர். எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று இன்று எளிதாகச் சொல்கிறேன். அன்று நடக்கும் என்றுதான் எல்லாரும் காத்திருந்தோம். ஊரடங்கு போட்டார்கள். தளர்த்தும் ஓரிரு மணி நேரத்தில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஓட்டம். அந்த நாட்களில்தான் ஆ போ முதல்முறையாக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் இருந்தார். தவுக்கே கடைப் பலகைகளைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். வழக்கமாக எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திப் பேசும் மலாய்ச் சாத்தேக்காரர் வரவில்லை. நாங்கள் எந்தப் பக்கமும் இல்லாதவர்கள். அதனால் இரண்டு பக்கமும் எங்களைப் பார்த்து என்ன நினைக்கிறது என்று புரியாமல் அப்பா தவித்தார். வண்டிச் சத்தமே இல்லாத அந்தத் தெருவில் பாங்கும் கோயில் மணியும் அத்தனை துல்லியமாகக் கேட்டு நான் முன்னும் பின்னும் அறிந்ததில்லை. பல நாள் கழித்து ஆ போ படியேறி வந்து "சுடா மாக்கான்?" என்றபோது அம்மா ஏனோ அழுதார்.

1990-இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தபோது, 'நாமெல்லாம் ஒன்றாக இருந்தவர்கள், நமக்குச் சட்டம் எதற்கு' என்று பேசியவர்கள் உண்டு. ஒரு மதத்தார் மீது வெறுப்பைத் தூண்டிப் பேசினால் அந்தப் போதகரின் வாயைக் கட்ட அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டம் அது. அதிகாரம் அதிகம் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கடைப்பலகைகள் சாத்தப்படும் சத்தத்தை ஒருமுறை கேட்டவள் நான். சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றியது.

உண்மையைச் சொன்னால், மதத்தின் பேரால் எங்கள் தெருவில் நான் கண்ணால் பார்த்த ஒரே அடிதடி ஒரு வீட்டுக்குள் நடந்தது. தவுக்கே இறந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். சாவு வீட்டுப் பந்தல் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. காகிதத்தில் செய்த மாளிகை, கார், வேலைக்காரர் பொம்மைகள், தாரை தப்பட்டை, மூன்று ராத்திரி தாவோயிசப் பூசாரிகளின் ஓதல். கடைசி மகன் கல்லூரியில் படிக்கும்போது கிறிஸ்தவனாகியிருந்தான். வீட்டுக்குத் தெரியாது. ஊதுவத்தியைக் கையில் கொடுத்தபோது வாங்க மறுத்தான். அதைப் பிடித்தால் என் விசுவாசத்துக்கு விரோதம் என்றான். அண்ணன்காரன் எல்லார் முன்னிலையிலும் அறைந்தான். 'அப்பனுக்கு மூணு குச்சி பிடிக்க முடியாதவன் பிள்ளையா?' என்று சித்தப்பா கத்தினார். அன்று மாலையே அவன் வீட்டை விட்டுப் போனான். பல வருடம் வரவில்லை.

ஆ போவுக்குப் புரியவே இல்லை. கிருஷ்ணனையும் கும்பிட்டார், லூர்து மாதா திருவிழாவில் மெழுகுவர்த்தி பிடித்து எங்களோடு நடந்தார். அவருக்கு ஏசு ஒரு பிரச்சினையே இல்லை. "ஏசுவையும் கும்பிடு, வேண்டாமென்றா சொன்னேன்? அப்பாவை ஏன் விட்டாய்?" என்பதுதான் அவர் கேள்வி. மகனுக்கோ ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டே ஆகவேண்டும். இரண்டுமே பக்திதான். எதிர் வீட்டுச் சாமியைப் பொறுத்துக்கொள்வது எங்களில் யாருக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. சொந்தப் பிள்ளை அந்தச் சாமியிடம் போய்விட்டால்தான் கஷ்டம். அப்பாயிகூட அன்று, "நம்ம வீட்டுல இப்படி நடந்தா நான் என்ன பண்ணுவேனோ தெரியலடி" என்றார். அவர் அப்படித் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அபூர்வம்.

பிறகு கடைவீடுகளை இடித்தார்கள். எங்களுக்கு அங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. ஆ போவுக்கு மூத்த மகனோடு தோ பாயோவில். தெரு நடைபாதையானது. 1982-இல் குவான் இம் கோயிலைப் பெரிதாகக் கட்டினார்கள். பழைய பென்கூலன் பள்ளிவாசலை இடித்து, 2004-இல் அதே இடத்தில் ஒரு வளாகத்துக்குள் புதிதாகத் திறந்தார்கள். தலைக்கு மேலே இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கும் அறைகள். கிருஷ்ணன் கோயில் 2014-இல் தேசிய நினைவுச் சின்னமானது, 2018-இல் குடமுழுக்குக் கண்டது. ஜெபாலய வாசலில் பாதுகாவலர் நிற்கிறார். படியில் நின்று இருட்டைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள யாரும் இல்லை.

ஜூலை 21-ஐ இப்போது பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். என் பேத்தி அன்று சீனப் பெண்களின் சியோங்சாம் போட்டுக்கொண்டு போனாள். ஐந்து தூண்கள், எட்டு நெறி என்று எல்லா மதத்தையும் பட்டியல் போட்டு ஒப்பிக்கிறாள். எனக்கு அந்த வயதில் ஒன்றும் தெரியாது. "அடுத்த வீட்டுல யாரு இருக்காங்க கண்ணு?" என்று கேட்டேன். "தெரியாது பாட்டி, எப்பவும் கதவு மூடியிருக்கு" என்றாள்.

ஆ போ தொண்ணூறுகளில் இறந்தார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பந்தல். அதே சனி ஞாயிறு, நாலு தூண் தள்ளி அதே தளத்தில் ஒரு மலாய்க் கல்யாணம். இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கல்யாண வீட்டுப் பெரியவர் வந்து மூத்த மகனிடம் எத்தனை மணிக்கு ஓதல் என்று கேட்டார். மாப்பிள்ளை அழைப்பின் கொம்பாங் மேளத்தை ஓதல் முடிந்தபின் வைத்துக்கொள்கிறோம் என்றார். இவர்கள் பன்றிக்கறிப் படையலைத் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். ஒரு பிளாஸ்டிக் திரையை இழுத்துக் கட்டினார்கள். கைகுலுக்கலோ பேச்சோ எதுவும் இல்லை. அரை மணியில் முடிந்த காரியம்.

கடைசி மகன் வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. பந்தல் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வரிசையாக எல்லாரும் ஊதுவத்தி ஏற்றிவர, அவன் முறை நெருங்க நெருங்க, அந்த இடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. என் அம்மாவுக்கு அப்போது முழங்கால் வலி. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொண்டுபோயிருந்த செவ்வந்தி மாலையை அவனிடம் நீட்டி, பழைய பசார் மலாயில், "இது பூ. பூவைப் போட உன் சாமி சம்மதிக்குமில்ல?" என்றார். அவன் வாங்கினான். தாயின் படத்துக்குச் சாத்திவிட்டுத் தலைகுனிந்து நின்றான். மூத்தவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பிக்கு ஒரு பொட்டலம் நிலக்கடலையும் பானமும் கொண்டுவந்து கொடுத்தான்.

இன்றும் சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு வாட்டர்லூ ஸ்திரீட்டில் கால் வைக்க இடமிருக்காது. நள்ளிரவு தாண்டியதும் குவான் இம்முக்கு முதல் ஊதுவத்தி நட்டுவிட வேண்டும் என்று வரிசை நிற்கும். அதில் பாதிப் பேர் அடுத்தபடியாகக் கிருஷ்ணன் கோயிலுக்குத் திரும்புவார்கள். பூக்கடை இப்போது என் சித்தி மகன் கையில் இருக்கிறது. அந்த ஓர் இரவு மட்டும் நானும் போய் உட்காருவேன். வேலை ஓடாவிட்டாலும் வாய் ஓடும். போன முறை ஆ போவின் பேரன் வந்தான். ஐந்தடிப் பாதையில் அப்பாயி விடிய விடிய உட்கார்ந்திருந்தாரே, அந்த ராத்திரி பிறந்தவன். அவனே இப்போது தாத்தா. கையில் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அர்ச்சனைக்கு வந்திருந்தான். நானும் கூடப் போனேன்.

குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த இளைஞர். ஆங்கிலத்தில் குழந்தையின் பெயரைக் கேட்டார். பிறகு நட்சத்திரம் என்ன என்றார்.

"லோகினி" என்றான் சட்டென்று.

குருக்களுக்கு ஆச்சரியம். உங்களுக்கெல்லாம் நட்சத்திரம் தெரியுமா என்றார்.

"எங்கள் குடும்பத்தில் எல்லாருக்குமே அதுதான்" என்றான் அவன், பெருமையாக.

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உள்ளே போய் ரோகிணி நட்சத்திரே என்று தொடங்கினார். வெளியே வந்ததும் பேரன் இரண்டு மாலை கேட்டான். விலையைச் சொன்னேன். போன வருடம் குறைவாக இருந்ததே ஆன்ட்டி, நம் இரண்டு பாட்டிகளும் எவ்வளவு பழக்கம் என்று தொடங்கினான். பழக்கம் வேறு, மல்லிகை விலை வேறு என்றேன். கடைசியில் ஒரு வெள்ளி குறைத்தேன். அவன் இரண்டு வெள்ளி கேட்டிருந்தான்.